ஈட்டி, தலைக்கவசம், ஓநாய்: ஜெர்மன் ஆண் பெயர்களில் குடியிருக்கும் போர்

1949-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலராகக் கொன்ராட் அடனாவர் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் லுட்விக் எர்ஹார்ட், கூர்ட் கீசிங்கர், வில்லி பிராண்ட், ஹெல்முட் ஷ்மிட், ஹெல்முட் கோல், கெர்ஹார்ட் ஷ்ரோடர் என்று வரிசை நீண்டது. 2005-இல் அங்கேலா மெர்கல் வந்து அமரும்வரை அந்த நாற்காலியில் இருந்த ஏழு பேரின் முதற்பெயர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மானிய மறவர்களின் பெயர்கள். லுட்விக் என்ற பெயருக்குள் 'புகழ்', 'போர்' என்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கெர்ஹார்டில் ஈட்டியும் வன்மையும். வில்லி என்பதன் முழு வடிவமான வில்ஹெல்மில் மனவுறுதியும் தலைக்கவசமும். ஹெல்முட்டிலும் தலைக்கவசமே முன்னால் நிற்கிறது. அந்த முதற்பகுதியை 'நலம்' என்று கொள்வோரும் உண்டு. கொன்ராட் என்றால் துணிவும் ஆலோசனையும். கூர்ட் அதன் சுருக்கம்.

இரண்டு உலகப் போர்களில் நொறுங்கிய ஒரு நாட்டை எழுப்பி நிறுத்தியவர்கள் இந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள்தான். வில்லி பிராண்டுக்குப் பிறந்தபோது இட்ட பெயர் ஹெர்பர்ட். அதில் 'படை' என்ற சொல் இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேக்குப் போன காலத்தில் அவர் பெயரை மாற்றிக்கொண்டார். 1970 டிசம்பர் 7 அன்று வார்சா கெட்டோ நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்டவர், மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், அவரேதான். ஈட்டியின் பெயர் கொண்ட ஷ்ரோடர் 2003-இல் இராக் போருக்கு ஜெர்மன் படையை அனுப்ப மறுத்தார்.

அப்படியானால் பெயருக்குள் இருக்கும் போர் யாருடைய போர்? அது எப்படி உள்ளே வந்தது, எப்போது வெறும் ஒலியானது, அதை மறுபடி தட்டி எழுப்பியவர்கள் யார்? ஜெர்மனியில் பிள்ளை பெற்று, பெயர் தேடி, பதிவு அலுவலகத்தின் படிவத்தை நிரப்பும் தமிழ்ப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்தக் காலத்தில், இந்தக் கேள்வி நமக்கும் தொலைவானதல்ல.

பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. அந்தச் சொற்களின் கிடங்கைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது போர்க்களம். போர் என்பதற்கே நான்கு சொற்கள்: ஹில்ட், குண்ட், விக், ஹடு. போர், செரு, அமர், சமர், ஞாட்பு என்று அடுக்கத் தெரிந்த தமிழருக்கு இந்தச் செழிப்பு புரியும். அடுத்து ஆயுதங்கள்: கெர் என்றால் ஈட்டி, பிராண்ட் என்றால் தீயும் வாளும், எக் என்றால் வாளின் கூர்முனை, ஹெல்ம் தலைக்கவசம், ரண்ட் கேடயத்தின் விளிம்பு. படையைக் குறிக்கும் 'ஹரி' என்ற சொல் எத்தனை பெயர்களுக்குள் கரைந்து கிடக்கிறது என்று பார்த்தால் வியப்புதான். ஹெர்மன் என்றால் படை மனிதன். வால்டர் என்றால் ஆட்சியும் படையும். குந்தர் என்றால் போரும் படையும். டீட்டர் என்றால் மக்களும் படையும். வெர்னர், லோதார், ஹெர்பர்ட் எல்லாவற்றிலும் அதே படை. பிறகு வெற்றியைச் சொல்லும் 'சீக்', துணிவைச் சொல்லும் 'நண்ட்', 'பால்ட்', வன்மையைச் சொல்லும் 'ஹார்ட்'. எதிரே நிற்பது போல அமைதியையும் காப்பையும் சொல்லும் 'ஃபிரீட்', 'முண்ட்' ஆகியவையும் அதே கிடங்கில்தான் இருந்தன.

இந்த இடத்தில் ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குழந்தைப் பெயர் நூல்கள் சீக்ஃபிரீட் என்றால் 'வெற்றியால் அமைதியை நிலைநாட்டுபவன்' என்றும், கெர்ட்ரூட் என்றால் 'ஈட்டியின் வலிமை உடையவள்' என்றும் முழு வாக்கியமாகவே பொருள் எழுதிவிடுகின்றன. பழைய ஜெர்மானியர் அப்படிப் பெயர் வைக்கவில்லை. தந்தை பெயரிலிருந்து ஒரு பாதி, தாய் அல்லது பாட்டன் பெயரிலிருந்து ஒரு பாதி எடுத்து ஒட்டுவது அவர்கள் வழக்கம். உறவை ஒலியால் காட்டுவதுதான் நோக்கம். பெயர் முழுவதும் சேர்ந்து ஒரு பொருள் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் ஹெட்விக் என்ற பெயரில் இரண்டு பாதியும் 'போர்', ஹில்டெகுண்ட் என்ற பெயரிலும் இரண்டு பாதியும் 'போர்'. பொருள் பார்த்து ஒட்டியிருந்தால் 'போர்ப்போர்' என்று யார் மகளுக்குப் பெயர் வைப்பார்கள்?

ஆனால் துண்டுகளைத் தேர்ந்தெடுத்த மனம் எது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை ஒரு கிழிந்த கவிதையில் இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில், 830-களை ஒட்டி, ஃபுல்டா நகரத்து மடத்தில் ஒரு சமய நூலின் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் இருந்த வெற்றுப் பக்கங்களில் இருவர் ஒரு பழம்பாடலை எழுதிவைத்தார்கள். 68 அடிகள் வந்ததும் தாள் முடிந்துவிட்டது. பாடலும் நடுவிலேயே நின்றுவிட்டது. ஹில்டெபிராண்ட் பாடல் என்று இன்று அழைக்கப்படும் அது, பழைய ஜெர்மன் மொழியில் எஞ்சியிருக்கும் ஒரே வீரப்பாடல். முப்பது ஆண்டுகள் நாடுகடந்து திரிந்த தந்தை திரும்பி வருகிறான். இரு படைகளுக்கு நடுவே அவனை எதிர்த்து நிற்கிறவன் அவன் மகன். தந்தை தன்னை இன்னார் என்று சொல்கிறான். மகன் நம்பவில்லை, தந்தை எப்போதோ இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டவன் அவன். வாட்கள் மோதுகின்றன. முடிவு தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தின் பெயர்களைப் பாருங்கள். பாட்டன் ஹெரிபிராண்ட், தந்தை ஹில்டெபிராண்ட், மகன் ஹடுபிராண்ட். படை, போர், போர். மூவருக்கும் முதலெழுத்து ஒன்று, ஈற்றுப் பாதி ஒன்று. தமிழ் யாப்பு படித்தவருக்கு இது உடனே பிடிபடும்: மோனை. ஜெர்மானியப் பாடல்களின் அடியைக் கட்டியதும் மோனைதான். ஒரு வம்சத்தின் பெயர்களைப் பாணன் ஒரே அடியில் அடுக்கிப் பாடுவதற்கு ஏற்ப அந்த வம்சம் பெயர் வைத்துக்கொண்டது. பெயர்களில் இருக்கும் சொற்களும் பாடல்களின் சொற்களும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. 'ஹில்ட்' என்ற சொல் இந்தப் பாடலிலேயே போர் என்ற பொதுப்பொருளில் வருகிறது. ஆக, போர்ச் சொற்கள் பெயருக்குள் வந்தது ஒவ்வொரு தகப்பனும் மகனைக் கொலைக்களத்துக்கு நேர்ந்துவிட்டதால் அல்ல. உயர்குடியின் பெருமையைப் பாடிய மொழியில் பெரும்பங்கு போரின் மொழியாக இருந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று ஒரு வெற்றியையே பெயரின் பகுதியாக்கிய சங்க காலத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம். வேறுபாடு ஒன்றுண்டு. நம்மிடம் வெற்றி நடந்த பிறகு அடைமொழி வந்து சேர்ந்தது. அவர்களிடம் தொட்டிலிலேயே போர் வந்தது.

அந்தக் கையெழுத்துப் பிரதிக்கும் போர் வந்தது. காசெல் நகரின் நூலகத்தில் இருந்த அதைப் பாதுகாப்புக்காக வேறிடம் மாற்றியிருந்தார்கள். 1945-இல் அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் சிக்கிக் கடல் கடந்து போனது. நூலும் ஒரு தாளும் 1955-இல் திரும்பின. மற்றொரு தாள் ஃபிலடெல்ஃபியாவில் கண்டுபிடிக்கப்பட்டு 1972-இல்தான் காசெலுக்கு வந்து சேர்ந்தது.

மோனை வழக்கம் கற்பனைப் பாடலோடு நிற்கவில்லை. கி.பி. 500-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட பர்கண்டியர் என்ற ஜெர்மானியக் குடியின் சட்டநூல், முன்னோர்களான அரசர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: கிபிகா, குண்டொமார், கிஸ்லஹார், குண்டஹார். எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அந்தக் குண்டஹார் ஐந்தாம் நூற்றாண்டில் ஹூணர்களால் படையோடு அழிந்த உண்மையான அரசன். எழுநூறு ஆண்டுகள் கழித்து, 1200-ஐ ஒட்டி எழுந்த நீபெலுங்கன் காவியத்தில் அவன்தான் குந்தர் அரசன். பெயரில் போரும் படையும் இருந்தும் காவியத்தின் குந்தர் வலுவற்றவன். மணக்க விரும்பிய பெண்ணைப் போட்டியில் வெல்ல முடியாமல் சீக்ஃபிரீடின் மறைவான உதவியை நாடுகிறவன். பெயரும் ஆளும் ஒன்றல்ல என்பதை அந்தக் காவியப் புலவர் நன்றாக அறிந்திருந்தார்.

பெண்களைப் பற்றியும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. போர் ஆண்களின் சொத்து என்று நினைத்தால் இந்தப் பெயர்கள் அதை மறுக்கும். ஹில்ட், குண்ட் என்ற போர்ச் சொற்கள் பெண் பெயரின் ஈற்றில் வந்து அமர்ந்த அளவுக்கு ஆண் பெயர்களில் அமரவில்லை: கிரீம்ஹில்ட், புரூன்ஹில்ட், மட்டில்டே. இரட்டைப் போரைப் பெயரில் கொண்ட புனித ஹெட்விக் சிலேசியாவில் ஏழைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வாழ்ந்தவர். அவர் மகன் ஹென்றி 1241-இல் மங்கோலியரை எதிர்த்து லெக்னிட்சாவில் மாண்டான். ஆணா பெண்ணா என்பதைப் பெயரின் ஈற்றுப் பாதிதான் காட்டியது. முதற்பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஜெர்மன் பதிவு அலுவலகங்களில் மிக அண்மைக்காலம்வரை உயிரோடு இருந்தது. 2008 டிசம்பரில் அதைத் தளர்த்திய அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குக் காரணமானது ஓர் இந்தியப் பெயர். மகளுக்குக் 'கிரண்' என்று பெயர் வைக்க விரும்பிய பெற்றோரின் வழக்கு அது. பிள்ளையின் நலன் கெடாதவரை, பால் தெரியாத ஒரே பெயரை வைக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

ஆயுதங்களுக்கு அடுத்து விலங்குகள். தமிழர் புலியையும் சிங்கத்தையும் பெயராக்கியது போல ஜெர்மானியர் ஓநாயை எடுத்தார்கள். வோல்ஃப்காங், ருடால்ஃப், அடால்ஃப், ரால்ஃப் எல்லாவற்றிலும் ஓநாய் இருக்கிறது. பெர்ன்ஹார்டில் கரடி, எபர்ஹார்டில் காட்டுப்பன்றி, அர்னால்டில் கழுகு. வோல்ஃப்ரம் என்ற பெயரில் ஓநாயும் அண்டங்காக்கையும் சேர்ந்தே நிற்கின்றன. இந்த ஜோடி எங்கே சேர்ந்து காணப்படும்? போர் முடிந்த களத்தில், பிணங்களின் மேல். புறநானூற்றுக் களங்களில் கழுகையும் நரியையும், கலிங்கத்துப் பரணியில் பேய்களின் கூழையும் படித்தவர்களுக்கு இந்தப் பெயரின் பின்னணி அந்நியமாகத் தோன்றாது.

ஓநாய்ப் பெயர்க்காரர்களில் மிக முக்கியமானவர் நான்காம் நூற்றாண்டில் காத்தியர் என்ற ஜெர்மானியக் குடியின் ஆயரான உல்ஃபிலா. 'ஓநாய்க்குட்டி' என்பது பெயரின் பொருள். விவிலியத்தைக் காத்திய மொழியில் பெயர்த்தவர் அவர். பழைய ஏற்பாட்டின் அரசர்கள் நூல்களை மட்டும் அவர் பெயர்க்காமல் விட்டார் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் ஃபிலோஸ்டோர்ஜியஸ். அந்த நூல்கள் நிறையப் போர்க்கதைகள். காத்தியருக்கோ ஏற்கெனவே போர்வெறி அதிகம், கடிவாளம்தான் தேவை, தூண்டுதல் அல்ல என்பது அவர் சொல்லும் காரணம்.

ஜெர்மானியக் குடிகள் ஐரோப்பா முழுவதும் பரவியபோது பெயர்களும் கூடவே போயின. பிராங்குகளின் அரசன் குளோவிஸ் 511-இல் இறந்தான். அவன் பெயரும் லுட்விக்கும் ஒன்றே. பிரெஞ்சு நாவில் அது லூயி ஆயிற்று. அந்தப் பெயரில் பதினெட்டு அரசர்கள் எண்ணிக்கையில் வந்தார்கள். இத்தாலியில் லூயிஜி, ஸ்பெயினில் லூயிஸ். ரூடிகர் என்ற பெயரில் புகழும் ஈட்டியும் உண்டு. ஆங்கிலத்தில் அதுவே ரோஜர். வில்ஹெல்ம் வில்லியமாகவும், ஹைன்ரிஷ் ஹென்றியாகவும் மாறின. பாளையங்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் வில்லியம், வால்டர், லூயிஸ் என்று ஞானஸ்நானம் பெற்ற தமிழர்கள் தலைக்கவசத்தையும் படையையும் போரையும் தாங்கியிருக்கிறார்கள்.

இதில் நமக்கு மிக நெருக்கமானது தூத்துக்குடிக் கதை. ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குள் புகுந்த மேற்குக் காத்தியர் ஜெர்மானியர். 711-இல் அவர்கள் அரசு வீழ்ந்தது. பெயர்கள் அங்கேயே தங்கிவிட்டன: அல்ஃபோன்சோ, ரோட்ரிகோ, கொன்சாலோ, ஃபெர்னாண்டோ. கொன்சாலோவின் முதற்பகுதி 'குண்ட்', அதாவது போர். ஃபெர்னாண்டோவின் பின்பகுதி துணிவைச் சொல்லும் 'நண்ட்'. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது இந்தப் பெயர்களும் கரையேறின. இன்று தூத்துக்குடியிலிருந்து நீர்கொழும்புவரை பர்னாந்து என்றும் பெர்னாண்டோ என்றும் அழைக்கப்படும் குடும்பங்கள் தாங்கி நிற்பது, காத்திய மொழியில் துணிவைக் குறித்த ஒரு சொல். ஜெர்மானிய மறப்பெயர் தமிழ்க் கடற்கரையில் குடும்பப் பெயராக வேரூன்றி ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. பெயர் ஆய்வில் இதைவிட அழகான பயணம் அரிது.

சொந்த மண்ணில் அந்தப் பெயர்கள் சரிந்ததற்குக் காரணம் திருச்சபை. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கிப் புனிதர்களின் பெயர்கள் பெருகின. நடுக்காலத்தின் இறுதியில் யோஹானஸ், அதன் சுருக்கமான ஹான்ஸ், தெருவுக்குத் தெரு நின்றது. தாக்குப்பிடித்த ஜெர்மானியப் பெயர்களோ அளவுக்கு மீறிப் பரவியதால் பொருளும் பெருமையும் இழந்தன. ஹைன்ரிஷின் சுருக்கம் ஹின்ஸ், கொன்ராடின் சுருக்கம் கூன்ஸ். 'ஹின்ஸும் கூன்ஸும்' என்றால் ஜெர்மன் பேச்சில் 'கண்ட கண்டவனும்' என்று பொருள். பேரரசர்களின் பெயர்கள் இப்படிச் சந்தைக்கு வந்தன. 1993 முதல் ஹம்பர்க் நகரில் வீடற்றவர்கள் விற்கும் தெருப் பத்திரிகைக்கு இந்தச் சொற்றொடரையே சற்று மாற்றிப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

திருச்சபை கொண்டுவந்த பெயர்களிலும் போர் இருந்தது. மார்ட்டின் என்பது ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து பிறந்தது. தூர் நகரத்துப் புனித மார்ட்டின் ரோமப் படையின் சிப்பாய். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் பாதி வெட்டிக் கொடுத்தவர், பின்னர் படையை விட்டே விலகியவர். நவம்பர் 11 அவர் திருநாள். 1483-இல் அந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றதால்தான் லூதருக்கு மார்ட்டின் என்று பெயர். 1934-இல் பெர்லினில் நடந்த பாப்டிஸ்ட் மாநாட்டுக்கு வந்து திரும்பிய அட்லாண்டா போதகர் ஒருவர் தன் பெயரையும் மகன் பெயரையும் மைக்கேலிலிருந்து மார்ட்டின் லூதர் என்று மாற்றினார். அகிம்சைப் போராட்டத்தின் தலைவரான அந்த மகனிடம் இப்படித்தான் போர்க்கடவுளின் பெயர் போய்ச் சேர்ந்தது. புனித மார்ட்டினை நினைத்து ஜெர்மன் மழலையர் பள்ளிகளில் ஒவ்வொரு நவம்பரிலும் தாள் விளக்கேந்தி ஊர்வலம் போகும் பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கதையைத் திருப்பிப் போட்டது. நீபெலுங்கன் காவியத்தின் கையெழுத்துப் பிரதி 1755-இல் ஹோஹனெம்ஸ் அரண்மனை நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. நெப்போலியனிடம் தோற்ற பிறகு ஜெர்மானியர் தங்கள் பழமையைத் தேடத் தொடங்கியபோது சீக்ஃபிரீட், குந்தர், கெர்னோட் எல்லாரும் உயிர்பெற்று வந்தார்கள். 1876-இல் பைராய்ட் அரங்கில் வாக்னரின் நான்கு இரவு இசைநாடகம் சீக்ஃபிரீடை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. கி.பி. 9-இல் டொய்டோபர்க் காட்டில் மூன்று ரோமப் படையணிகளை அழித்த ஆர்மினியஸுக்கு ஹெர்மன் என்ற பெயரைப் பதினாறாம் நூற்றாண்டு அறிஞர்களே சூட்டியிருந்தார்கள். இரண்டு பெயரும் ஒன்று என்பதற்கு உறுதியான மொழிச் சான்று இல்லை. ஆனால் டெட்மோல்ட் அருகே அந்த ஹெர்மனுக்கு 1838-இல் தொடங்கிய சிலை 1875-இல் முடிந்தது. பீடத்தோடு சுமார் 53 மீட்டர் உயரம், கையில் ஏழு மீட்டர் வாள். போர் நடந்த இடம் அதுதானா என்ற கேள்விக்கு 1987 முதல் கால்க்ரீசெயில் கிடைத்துவரும் தொல்பொருள்கள் வேறு திசையைக் காட்டுகின்றன.

அதே நூற்றாண்டில் அமைதியான வேலை ஒன்றும் நடந்தது. யாக்கோப் கிரிம்மின் தூண்டுதலால் பெர்லின் அறிவியற்கழகம் பழைய ஜெர்மன் பெயர்களைத் தொகுக்க அறிவித்த பரிசுப் போட்டிக்குப் பிறகு, நூலகர் எர்ன்ஸ்ட் ஃபெர்ஸ்டெமன் ஆவணம் ஆவணமாகப் பெயர்களைத் திரட்டி 1856-இல் ஆட்பெயர்த் தொகுதியை வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்தப் பெயர் மறுமலர்ச்சியில் முழுமனதோடு கலந்துகொண்டவர்களில் ஜெர்மன் யூதர்களும் உண்டு. சீக்ஃபிரீட், சீக்முண்ட், லுட்விக், ஹெர்மன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். நாங்களும் இந்த நாட்டவரே என்ற அறிவிப்பு அது. 1889-இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்த திரைப்பட ஆய்வாளர் சீக்ஃபிரீட் கிராக்கவர் அவர்களில் ஒருவர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டு மாண்ட யூத வீரர்கள் ஏறத்தாழ 12,000 பேர். வெற்றியைப் பெயரில் தாங்கிய அந்தக் குடும்பங்களுக்கு அரசு தந்த பதில் 1938 ஆகஸ்ட் 17-ஆம் நாள் ஆணை. அரசின் பட்டியலில் உள்ள 'யூதப் பெயர்' இல்லாதவர்கள், 1939 ஜனவரி முதல், ஆண் என்றால் 'இஸ்ரேல்', பெண் என்றால் 'சாரா' என்று கூடுதல் பெயரைச் சேர்த்தாக வேண்டும். பெயர் ஆய்வு என்பது பொழுதுபோக்குத் துறை என்று நினைப்பவர்கள் இந்த ஆணையை நினைவில் வைக்க வேண்டும். பட்டியல் தயாரிக்கத் தெரிந்தவர்களின் கையில் பெயர் ஒரு கைவிலங்காக மாறியது. அந்த ஆண்டுகளை உள்ளிருந்து கவனித்த மொழியறிஞர் விக்டர் கிளெம்பரர் நாஜிகளின் மொழியைப் பற்றி 1947-இல் வெளியிட்ட நூலில் பெயர்களுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார்.

அடால்ஃப் என்ற பெயரின் கதி தெரிந்ததே. உயர்குடி, ஓநாய் என்ற இரு சொற்களின் இணைப்பு அது. 1632-இல் லுட்சன் களத்தில் மாண்ட ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃபை நினைத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் அன்போடு வைத்த பெயர். ஹிட்லர் தன் பெயரில் இருந்த ஓநாயை அறிந்தே பயன்படுத்தினார். 'வோல்ஃப்' என்பது அவர் மறைபெயர். கிழக்குப் பிரஷ்யாவில் இருந்த அவர் போர்த் தலைமையகம் 'ஓநாய் அரண்'. 1945-க்குப் பின் பெற்றோர் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். பொருளால் செத்த பெயரல்ல அது. ருடால்ஃபிலும் வோல்ஃப்காங்கிலும் அதே ஓநாய் இருக்கிறது. மொசார்ட்டும் கோதேயும் வோல்ஃப்காங்குகள்தான். ஒரு மனிதன் செய்த கொடுமை ஆயிரம் ஆண்டுப் பெயரைக் கொன்றது.

மற்ற மறப்பெயர்கள் அப்படிச் சாகவில்லை, மெல்ல முதுமையடைந்தன. சமூகவியலாளர் யூர்கன் கெர்ஹார்ட்ஸ் (அவர் குடும்பப் பெயரிலேயே ஈட்டி இருக்கிறது) சாக்சனியின் கிரிம்மா, ஐஃபல் மலைப்பகுதியின் கெரோல்ஷ்டைன் ஆகிய இரண்டு ஊர்களின் பிறப்புப் பதிவேடுகளை 1894 முதல் ஒரு நூற்றாண்டுக்குப் பார்த்தார். 2003-இல் வந்த அவர் நூல் காட்டுவது இதுதான்: போருக்குப் பின் ஜெர்மன் பெயர்களும் சமயப் பெயர்களும் சேர்ந்தே தேய்ந்தன; வேற்றுமொழிப் பெயர்கள் அந்த இடத்துக்கு வந்தன. போரை வெறுத்து மட்டும் பெற்றோர் கெர்ஹார்டைக் கைவிடவில்லை என்பது தெளிவு. குடும்பம், ஊர், சபை ஆகியவற்றின் பிடி தளர்ந்து, பெயர் தனிமனித ரசனையானது. கெர்ஹார்ட், குந்தர், ஹெல்முட், டீட்டர் என்ற பெயர்களைக் கேட்டால் இன்றைய ஜெர்மானியர் மனத்தில் எழுவது வாளேந்திய வீரன் அல்ல, ஓய்வூதியம் வாங்கும் தாத்தா.

ஜெர்மன் மொழிக் கழகம் 1977 முதல் ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஆண் பெயர்களில் முதலிடம் நோவா. எபிரேயத்தில் அமைதியோடும் ஓய்வோடும் தொடர்புடைய பெயர் அது. முன்வரிசையில் இன்னொரு பெயரும் இருக்கிறது: லியாம். ஐரிஷ்காரர்கள் வில்லியத்தைச் சுருக்கிச் செய்த பெயர். பதிவு அலுவலகத்தில் லியாம் என்று எழுதும் இளம் பெற்றோர் தங்கள் கொள்ளுத்தாத்தா வில்ஹெல்மின் தலைக்கவசத்தையே அயர்லாந்து வழியாகத் திரும்ப வரவழைக்கிறார்கள். லுட்விக் என்று வைக்கத் தயங்கியவர்கள் லூயி என்று வைத்தார்கள். பழைய போர் புதிய ஒலியில் தொட்டிலுக்கு வந்துவிட்டது. அதைக் கண்டு யாரும் அஞ்சவும் இல்லை, அஞ்சத் தேவையும் இல்லை.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்த தமிழர்களுக்குப் போர் சொல்லாகத் தெரிந்ததல்ல, கண்டு தப்பிவந்தது. அவர்களின் மிகப் பெரிய கோயிலான காமாட்சி அம்பாள் ஆலயம் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. அந்த நகரை 1226-இல் நிறுவியவர் மார்க் நாட்டுப் பிரபு அடால்ஃப். வேலன், வெற்றிவேல் என்ற பெயர்களோடு அங்கே வளர்ந்த பிள்ளைகளின் வகுப்பாசிரியர் பெயர் கெர்ஹார்டாக இருந்திருந்தால், இருவர் பெயரிலும் ஒரே ஆயுதம் இருந்திருக்கும். தகப்பன் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகும் புதிய வழக்கத்தில், இந்த மறப்பெயர்கள் இனி ஜெர்மன் குடும்பப் பெயர்களாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். தூத்துக்குடிக்கு ஃபெர்னாண்டோ வந்ததைப் போல, ஜெர்மனிக்கு வேல் போயிருக்கிறது.

மலையாளத்துக்கு அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் 1836-இல் சென்னை வந்து முதலில் தமிழ்நாட்டில் பணிசெய்தவர். முதற்பெயரில் படையும் குடும்பப் பெயரில் போரும் கொண்டவர். அவர் மகள் வயிற்றுப் பேரனுக்கும் ஹெர்மன் என்றே பெயர். 1914-இல் ஐரோப்பா போர்வெறியில் ஆடியபோது அதை எதிர்த்து எழுதி வசை வாங்கிய ஹெர்மன் ஹெஸ்ஸே அவர்தான். 1946-இல் இலக்கிய நோபல் பெற்றவர். மகனுக்கு மறப்பெயர் வைத்தால் முரடனாகிவிடுவானோ என்று கலங்கும் பெற்றோருக்கு இந்தத் தாத்தாவும் பேரனும் போதுமான பதில்.

நம் பக்கம் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். அந்த உழைப்பு நடுகற்களில் பொறித்த வீரர் பெயர்களுக்கும், முத்துக்குளித்துறையின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும், ஹம், பெர்லின், ஸ்டுட்கார்ட் நகரங்களில் இன்று பதிவாகும் தமிழ்ப் பெயர்களுக்கும் விரிந்து, ஃபெர்ஸ்டெமன் செய்தது போன்ற ஒரே பெயரகராதியாக வர வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் புலம்பெயர் அமைப்புகளும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலைதான். முதல் தலைமுறை அகதிகளின் நினைவு இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.